எழுத்துக் கிடங்கின் திறவுகோல்

மொழியுரிமை பற்றிய விவாதம் நமது நாட்டில் பெரும்பாலும் சட்டத்தின் வாசகங்களைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் தொடங்கி, தமிழும் ஓர் ஆட்சிமொழி என ஏற்றுக்கொண்ட 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம், நிருவாகத்தில் அதன் நிலையை வரையறுத்த 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் வரை வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன. எழ வேண்டியவையே அவை. ஆயின் ஒரு மொழி ஆட்சியில் இருக்கின்றதா என்பதைச் சட்டப் புத்தகம் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. கடிதம் எழுதப்படும் மேசையில் அம்மொழியின் எழுத்து உண்டா என்பதும் அதைத் தீர்மானிக்கின்றது. தட்டச்சுப் பொறியின் காலத்தில் இவ்வினாவுக்கு விடை கண்ணெதிரே கிடந்தது. அலுவலகத்தில் தமிழ்ப் பொறி ஒன்று இருக்கும், அல்லது இராது. இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்கலாம். கணினியின் காலத்தில் அதே வினா பெட்டிக்குள்ளே போய் ஒளிந்துகொண்டது. எழுத்து இருக்கின்றதா, இருந்தால் எந்த இடத்தில், யாருடைய அனுமதியுடன் என்பதை எங்கோ இருக்கும் சிலர் முடிவு செய்கின்றனர். அவர்கள் அதனை மாற்றும்போது நமக்கு அறிவித்தலும் வருவதில்லை.

கணினியை இயக்கும் பணிசெயல் முறைமையானது எழுத்துருக்களைப் பொதிகளாகக் கட்டி, வரையறுத்த கோப்புறைகளில் வைத்திருக்கின்றது. எவ்வெழுத்துரு எந்தப் பொதியில், எப்பொதி எந்தக் கோப்புறையில் என்னும் ஒழுங்கு, 2011ஆம் ஆண்டுக்குப் பின்னர் இரண்டு பெரும் முறைமைகளில் திருத்தியமைக்கப்பட்டது. ஒன்று, தன்னார்வலர் கூட்டாக ஆக்கும் டெபியன். மற்றது, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். இத்திருத்தங்களைத் தொழில்நுட்பர்களின் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடலாகாது. ஓர் இலக்கியத் தொகுப்பை மதிப்பிடும்போது, தொகுத்தவர் எதைச் சேர்த்தார், எதைப் பின்னிணைப்புக்குத் தள்ளினார், எத்தகைய வாசகரை மனத்தில் கொண்டார் என்று நாம் கேட்கின்றோம். அதே வினாக்களை இங்கும் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், எழுத்தின் இருப்பிடம் ஏன் இத்துணை முக்கியம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். திருகோணமலை மக்களுக்கு இதனை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையை எழுப்பினர். பின்னாளில் பிரெட்ரிக் கோட்டை எனப் பெயர் பெற்ற அதன் வாயிலில், தமிழ்ச் சாசனத்தின் ஒரு பகுதியும் இணைக்கயற் சின்னமும் பொறித்த கல் இன்றும் நிற்கின்றது. அதன் வாசிப்புப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வாசிக்க அங்கே எழுத்து இருக்கின்றது. ஏனெனில் கல்லெழுத்து தன் வடிவத்தைத் தானே சுமந்து நிற்பது. கல்லை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் எழுத்து அதனுடன் செல்லும்.

கணினிக் கோப்பு அத்தகையதன்று. அதில் இருப்பவை எண்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய வடிவம் வேறோர் இடத்தில், எழுத்துருவுக்குள் கிடக்கின்றது. கோப்பு அவ்வெழுத்துருவின் பெயரைச் சொல்லிக் கேட்கும். முறைமை தன் கிடங்கிற் தேடி எடுத்துக் கொடுக்கும். கிடங்கின் ஒழுங்கு மாறினால், கோப்பில் ஓர் எண்ணும் மாறாமலே பக்கம் மாறிப்போகும். அச்சுக்கெனப் பூட்டிய பிடிஎஃப் கோப்புகள் பொதுவாக எழுத்துருவைத் தம்முள்ளேயே சுமந்து செல்லும் என்பது உண்மை. ஆயின் திருத்தி எழுதவும் தொடர்ந்து உழைக்கவும் அவை ஏற்றவையல்ல.

இதன் முழுக் கொடுமையையும் அனுபவித்தது நமது பாமினித் தலைமுறை. இலங்கையின் தமிழ் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் நெடுங்காலம் கோலோச்சிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்துக் கட்டியது. கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. “அம்மா” என்று தட்டச்சுச் செய்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. எழுத்துரு அகன்ற கணத்தில் அது குப்பை. மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளிகள் முளைத்து நிற்கும். பழைய கணினியைத் தள்ளிவிட்டுப் புதியதை வாங்கிய பாடசாலை ஒன்றில் வினாத்தாள்களும், சங்கம் ஒன்றில் கூட்டக் குறிப்புகளும், எழுத்தாளர் ஒருவரிடத்தில் கதைகளும் இவ்விதமே ஊமையாகிப் போகின்றன. எவரும் அவற்றை அழிக்கவில்லை. அவற்றின் வடிவம் வைக்கப்பட்டிருந்த இடந்தான் காணாமற் போயிற்று.

1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. அதனைத் தழுவிய தமிழ்க் குறியீட்டு நியமத்தை இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் எண்ணில் 2008ஆம் ஆண்டு வெளியிட்டது. இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. ஒருங்குறியில் எழுதிய கோப்பு தன் எழுத்துருவை இழந்தாலும் தன் பொருளை இழப்பதில்லை. வேறு தமிழ் எழுத்துரு ஒன்று அவ்விடத்தில் வந்து நிற்கும். ஒன்றுமே இல்லையென்றால் வெற்றுக் கட்டங்கள் தோன்றும். அப்போதும் அடியில் இருப்பது தமிழே. பாமினியில் எழுத்துரு உயிராக இருந்தது. ஒருங்குறியில் அது உடையாகிவிட்டது எனலாம். ஆயின் உடை இல்லாதவன் சபைக்கு வரமாட்டான் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. கட்டங்களாகத் தெரியும் தமிழை எந்த எழுதுவினைஞரும் கோவையில் இடமாட்டார். எனவே கிடங்கின் ஒழுங்கு பற்றிய வினா ஒருங்குறியோடு முடிந்துவிடவில்லை.

இனி விண்டோஸின் திருத்தத்துக்கு வருவோம். விண்டோஸ் 2000இலிருந்து தமிழுக்கென லதா என்னும் எழுத்துரு முறைமையுடனேயே வந்தது. 2009ஆம் ஆண்டின் விண்டோஸ் 7இல் விஜயா சேர்ந்தது. 2012ஆம் ஆண்டின் விண்டோஸ் 8 உடன் வந்த நிர்மலா, தமிழும் சிங்களமும் தேவநாகரியும் பிறவும் அடங்கிய ஒரே குடும்பம். 2015ஆம் ஆண்டில் விண்டோஸ் 10 வந்தபோது, நிர்மலா மாத்திரம் அடித்தளத்தில் நிலைக்க, லதாவும் விஜயாவும் “தமிழ்த் துணை எழுத்துருக்கள்” என்னும் தனிப் பொதிக்கு மாற்றப்பட்டன. பயனர் தமக்குரிய மொழிகளின் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் அப்பொதி தானாக இறங்கும். இல்லையேல் கேட்டுப் பெற வேண்டும். அதற்கு இணைய இணைப்பும் நிர்வாகியின் அனுமதியும் தேவை. விண்டோஸ் 11லும் இதே ஒழுங்குதான். சேமிப்பு இடத்தை மிச்சப்படுத்துவதும், பயன்படாத எழுத்துருப் பெயர்கள் பட்டியலை அடைத்துக்கொண்டிருப்பதைத் தவிர்ப்பதும் இதன் நோக்கங்கள்.

நோக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. நிர்மலா அடித்தளத்தில் இருப்பதால் தமிழ் எழுத்து அறவே மறைந்துவிடவும் இல்லை. ஆயினும் லதாவில் அமைத்த ஒரு வினாத்தாளைத் துணைப் பொதி இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். வேறோர் எழுத்துரு அவ்விடத்தில் வந்து உட்காரும், அதன் அகலம் வேறு, வரிகள் வேறிடங்களில் முறியும், நான்கு பக்கத்தில் அடங்கியது ஐந்தாம் பக்கத்துக்கு வழியும், அட்டவணைகள் குலையும். பிழை ஆசிரியருடையதாகத் தோன்றும். “தமிழில் அடித்தால் இப்படித்தான்” என்னும் அலுப்பு அங்கிருந்துதான் பிறக்கின்றது. அவ்வலுப்பு மெல்ல மெல்ல ஆங்கிலத்திலேயே எழுதிவிடும் வழக்கமாக முடிகின்றது.

எனினும் எமது முதன்மையான கண்டனம் இதுவன்று. இந்த ஒழுங்கு மனத்தில் கொண்டிருக்கும் பயனர் யார் என்பதே கேள்வி. ஒரு கணினி, ஒரு மனிதன், ஒரு மொழி என்பதே அதன் அடிப்படை அனுமானம். தமிழன் தமிழைத் தெரிவு செய்வான். அவனுக்குத் தமிழ் எழுத்துரு வரும் என்பது அதன் தருக்கம். ஆனால் திருகோணமலை மாவட்டத்தைப் பாருங்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பெருந்தொகையினராகச் சேர்ந்து வாழும் மாவட்டம் இது. மூதூரிலிருந்து வரும் மனுவும் கந்தளாயிலிருந்து வரும் மனுவும் ஒரே மேசைக்கு வருகின்றன. துறைமுகத்தைச் சூழ்ந்த வீதிகளில் தட்டச்சும் நிழற்படியும் செய்து கொடுக்கும் சிறு கடைக்காரர் காலையில் தமிழில் ஒரு விண்ணப்பமும், நண்பகலில் சிங்களத்தில் ஒரு சத்தியக் கடதாசியும், மாலையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் அடிக்கின்றார். இத்தகைய கணினிகள் அநேகமாக ஆங்கிலத்தில் அமைக்கப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் மொழிப் பட்டியலில் ஆங்கிலம் ஒன்றே இருந்தால், தமிழின் பழைய எழுத்துருக்களும் சிங்களத்தின் பழைய எழுத்துருவும் துணைப் பொதிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன.

ஆம், சிங்களமும் அவ்வாறே. விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த சிங்கள எழுத்துருவின் பெயர் இஸ்கோல பொத. “பள்ளிப் புத்தகம்” என்பது அதன் பொருள். 2015ஆம் ஆண்டின் திருத்தத்தில் அதுவும் லதாவைப் போலவே துணைப் பொதிக்குத் தள்ளப்பட்டது. பள்ளிப் புத்தகத்தையே பின்னிணைப்பில் வைத்த இந்த ஒழுங்கின் முன்னே, தமிழ் மாணவனும் சிங்கள மாணவனும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். மொழியின் பேரால் இரு மக்களையும் மோதவிட்டவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இரு மொழிகளின் எழுத்தும் தமது நாட்டுக்கு வெளியே, தமது மக்களைக் கேளாமலே ஒழுங்கு செய்யப்படுகின்றது என்னும் உண்மை அவர்களது அரசியலுக்கு உதவாது. நமக்கோ, இரு மொழி ஆசிரியர்களும் சேர்ந்து நின்று கேட்கக்கூடிய ஒரு கோரிக்கையை அதுவே தருகின்றது.

இரண்டாவது மாற்றம் இருப்பிடத்தைப் பற்றியது. 2018ஆம் ஆண்டு வரை, விண்டோஸில் எழுத்துரு நிறுவுவதென்றால் எல்லாருக்கும் பொதுவான ஒரே கோப்புறையில் நிறுவ வேண்டும். நிர்வாகியின் அனுமதி இன்றி முடியாது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த திருத்தத்தின் பின்னர், அனுமதி இல்லாத பயனரும் தமக்குரிய தனிக் கோப்புறையில் எழுத்துருவை நிறுவிக்கொள்ளலாம். இதில் ஒரு சனநாயக அம்சம் உண்டு. திறவுகோல் கையில் இல்லாத மாணவன் தன் தமிழைத் தானே கொண்டுவர இது வழி செய்தது; மறுப்பதற்கில்லை. ஆயின் அதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். ஒரே கணினியைப் பலர் மாறிமாறிப் பயன்படுத்தும் பாடசாலைக் கூடத்தில், ஒரு மாணவி தன் பெயரில் நுழைந்து நிறுவிய எழுத்துரு அடுத்த மாணவனுக்குத் தெரியாது; ஆசிரியருக்கும் தெரியாது. பழைய மென்பொருள்கள் சில, தனிக் கோப்புறையை எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆளுக்கொரு கணினி உள்ள வீட்டில் சுதந்திரமாக இருப்பது, முப்பது பேருக்குப் பத்துக் கணினி உள்ள கூடத்தில் குழப்பமாக முடிகின்றது. வசதி படைத்தவரின் வாழ்க்கையை அளவுகோலாகக் கொண்டு செய்யும் சீர்திருத்தம் எதற்கும் நேரும் கதி இது.

டெபியனின் திருத்தம் வேறு வகையானது. 1993ஆம் ஆண்டு தொடங்கிய இம்முறைமை உபுண்டு முதலிய பலவற்றுக்கு மூலம். அதில் எழுத்துருப் பொதிகளின் பெயர்கள் முன்னர் “டிடிஎஃப்” என்று தொடங்கின; அது கோப்பின் தொழில்நுட்ப வடிவத்தைக் குறிப்பது. ஒரு மொழியின் பல எழுத்துருக்கள் ஒரே பொதியில் அடுக்கப்பட்டிருந்தன. 2011ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி 2013ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் பரவலான மாற்றத்தின்படி, பொதிகள் “ஃபான்ட்ஸ்” என்னும் பொதுச் சொல்லில் தொடங்கி, ஆக்கிய இடத்தையும் எழுத்துமுறையையும் சுட்டும் பெயர்களைப் பெற்றன. தமிழுக்கு லோஹித், சம்யக் முதலியன தனித்தனிப் பொதிகளாயின.

இம்மாற்றத்தில் பாராட்டத்தக்கவை மூன்று. முதலாவது, பழைய பெயரை அவர்கள் ஒரே நாளில் வெட்டி எறியவில்லை. பழைய பெயரிலே வெற்றுப் பொதி ஒன்றை வைத்தனர். அதைக் கேட்டவருக்குப் புதிய பொதி தானாக வந்து சேரும். சீர்திருத்தம் என்பது பழையதை நம்பி வாழ்பவரை நடுத்தெருவில் விடுவதன்று என்னும் பண்பு இதில் தெரிகின்றது. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு வந்த நமக்கு அத்தகைய பாலத்தை யார் கட்டித் தந்தனர்? இரண்டாவது, ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனத் தனி எழுத்துருக் கணக்கு வைத்திருந்த பழைய நிலை ஒழிந்து, பொதுக் கோப்புறை ஒன்றையும் பயனரின் சொந்தக் கோப்புறையையும் சேர்த்து நோக்கும் ஒரே பட்டியல் நிலைபெற்றது. மூன்றாவதும் முதன்மையானதும், இப்பொதிகளைப் படியெடுத்துப் பகிர எவரது அனுமதியும் வேண்டியதில்லை. ரெட் ஹாட் நிறுவனம் வெளியிட்ட லோஹித், 2011ஆம் ஆண்டிலிருந்து திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வருகின்றது. இணையம் எட்டாத ஒரு கிராமப் பாடசாலைக்கு ஆசிரியர் ஒருவர் அதனைச் சிறு தட்டிலோ செருகியிலோ எடுத்துச் சென்று, பத்துக் கணினிகளிலும் பொதுக் கோப்புறையில் நிறுவலாம். சட்டம் அவரைத் தடுக்காது; ஊக்குவிக்கும்.

குறைகளும் உள, மறைப்பது விமர்சனமாகாது. பொதியின் பெயரில் தமிழைக் குறிக்கும் நான்கெழுத்துச் சுருக்கம் எழுத்துமுறைகளுக்கான சர்வதேச நியமத்திலிருந்து எடுத்தது. மொழிக்குரிய சுருக்கம் வேறு. இந்த நுணுக்கம் அறியாத ஆசிரியர் தேடினால் கண்டுபிடிக்க மாட்டார். ஃபெடோரா என்னும் மற்றொரு முறைமையில் அதே லோஹித்தின் பொதிப் பெயர் வேறு விதமாக அமைகின்றது. பொருள் ஒன்று, சந்தைக்குச் சந்தை பெயர் வேறு. பொதிகளின் விளக்கங்களைப் பிற மொழிகளில் பெயர்க்க டெபியனில் ஏற்பாடு உண்டு. அதனைத் தமிழில் முழுமையாகப் பயன்படுத்த வேண்டிய பொறுப்பு நம்முடையது. பொது உடைமையாக இருப்பது மாத்திரம் போதாது. பொதுமக்களின் சொல்லில் அது பேசவும் வேண்டும்.

கிடங்குகளைப் பற்றித் திருகோணமலைக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. பிரித்தானியர் தமது கடற்படைக்காகச் சீனன்குடாவில் எழுப்பிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 எஞ்சியுள்ளன. கடற்படைத் தளம் 1957ஆம் ஆண்டு இலங்கையிடம் கைமாறியது. ஆனால் தாங்கிகள் யாருக்கு என்னும் வாதம் அத்துடன் ஓயவில்லை. 2022 சனவரி உடன்படிக்கையில் 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 கூட்டு முயற்சி ஒன்றுக்கும் எனப் பங்கிடப்பட்டன. மண் நம்முடையதாக இருப்பதும், திறவுகோல் நம்மிடம் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இம்மாவட்டம் அனுபவத்தில் அறியும். எழுத்துக் கிடங்குக்கும் அதுவே பொருந்தும். கணினி நமது மேசையில் இருக்கின்றது. அதன் எழுத்தை எங்கே வைப்பது, எதைத் துணைப் பொதிக்குத் தள்ளுவது என்னும் தீர்மானம் நமது மேசையில் இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது யாது? பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கணினியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் மொழிப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அவற்றின் எழுத்துருக்கள் எல்லாப் பயனருக்கும் பொதுவான கோப்புறையில் நிறுவப்பட்ட பின்னரே அது கையேற்கப்பட வேண்டும். இது பெருஞ்செலவு பிடிக்கும் கோரிக்கையன்று. கொள்வனவு நிபந்தனையில் ஒரு வரி. ஆசிரியர் சங்கங்கள் இரு மொழியிலும் இதனைக் கேட்கலாம். பாடசாலைகள் தமது வினாத்தாள்களுக்கும் மலர்களுக்கும் உரிமத் தடையற்ற ஒருங்குறி எழுத்துரு ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதன் படியொன்றை நூலகத்தில் நூலைப் போலவே பேண வேண்டும். பாமினியில் உறங்கும் கோப்புகளைப் பழைய கணினிகள் கழிவுக்குப் போகுமுன் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றிகள் தவறும் இடங்கள் உண்டாகையால், மொழியறிந்தவர் ஒருவர் படித்துத் திருத்துவது அவசியம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டமையால், கணினிகள் கைமாறும் காலம் இதுவே. மாணவர்கள் விடுமுறையில் செய்யக்கூடிய பணி இது. ஒரு மாவட்டத்தின் எழுத்துச் செல்வத்தில் கணிசமான பகுதி இதனாற் காப்பாற்றப்படும்.

எழுத்துருப் பொதியின் ஒழுங்கு தொழில்நுட்பத் தேவையிலிருந்து பிறக்கின்றது. அதனைக் குறைகூற வேண்டியதில்லை. எந்தத் தேவை, யாருடைய தேவை என்று கேட்பதே விமர்சகனின் வேலை. ஒரு மொழியே பேசும் தனிமனிதனைப் பயனராகக் கற்பனை செய்த ஒழுங்கு, மூன்று மொழி பேசும் துறைமுக நகரத்துக்குப் பொருந்தாது. அதற்குப் பொருந்தும் ஒழுங்கை நமக்காக வேறெவரும் ஆக்கித் தரப்போவதுமில்லை. அதற்கு வேண்டிய எழுத்துருக்கள் இன்று பொதுச் சொத்தாகக் கிடக்கின்றன. அவற்றைப் பொது இடத்தில் வைக்கும் வேலைதான் மிச்சம்.